நான்கரை ஆண்டு வரம்பும் ஒரு வர்த்தமானியும்: இலங்கையின் 2018 அரசியலமைப்பு நெருக்கடி குறித்த நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

2018 நவம்பர் 9, வெள்ளிக்கிழமை இரவு, இலங்கையின் ஜனாதிபதி 2096/70 இலக்க அதிவிசேட வர்த்தமானி (அரசிதழ்) மூலம் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். அவ்வாறு கலைக்கும் அதிகாரம் அவருக்குக் கிடைக்க இன்னும் ஏறக்குறைய 16 மாதங்கள் இருந்தன. டிசம்பர் 13 அன்று உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் அந்த வர்த்தமானி தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று ஒருமனதாகத் தீர்த்தார்கள். நாட்டின் அதியுயர் பதவியில் இருப்பவர் எழுதப்பட்ட ஒரு வரம்பை மீறியபோது நீதிமன்றம் அவரைக் கணக்குக் கேட்க முடிந்ததா, முடிந்ததென்றால் எந்த அளவுக்கு, எது கேட்கப்படாமலேயே போயிற்று என்பதை இந்த ஆய்வு காலவரிசையில் பதிவுசெய்கிறது. சம்பந்தப்பட்டவர்கள் எவரென்று வாசகர்களுக்குத் தெரியும். ஆயினும் பதவிகள் நடந்துகொண்ட விதமே இங்கு பொருள் என்பதால், அவர்கள் பதவிகளாலேயே குறிப்பிடப்படுகிறார்கள்.

பின்னணி

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, பொதுத்தேர்தல் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் நாடாளுமன்றத்தைத் தம் விருப்பப்படி கலைக்கும் அதிகாரத்தை ஜனாதிபதிக்கு அளித்திருந்தது. அந்த அதிகாரத்தின் கூர்மையை நாடு 2004 பெப்ரவரியில் கண்டது. 2001 டிசம்பரில் தெரிவான நாடாளுமன்றம் இரண்டு ஆண்டுகள் சற்றே கடந்த நிலையில் கலைக்கப்பட, ஜனாதிபதியின் எதிரணியைச் சேர்ந்த பிரதமரின் அரசாங்கம் அதோடு முடிந்தது. அது சட்டப்படி சரியான கலைப்பு. யாரும் நீதிமன்றம் போய்ப் பயன் பெற்றிருக்க முடியாது. 2018இல் பதவி நீக்கப்பட்ட பிரதமரும் அதே நபர்தான் என்பதைக் குறித்துவைப்பது பொருத்தம்.

2018 வர்த்தமானியில் கையொப்பமிட்ட ஜனாதிபதி, 2015 ஜனவரித் தேர்தலில் நிறைவேற்று அதிகாரத்தைக் குறைப்பதாக வாக்குறுதி அளித்தே வென்றார். அதே ஆண்டில் நிறைவேறிய 19ஆவது திருத்தத்தை அவரே முன்னின்று கொண்டுவந்தார். சபையில் அதை எதிர்த்து வாக்களித்தவர் ஒரே ஒருவர்தான். அத்திருத்தம் செய்த மாற்றங்களில் மூன்று இந்த நிகழ்வுக்கு முக்கியமானவை. முதலாவது, 70(1)ஆம் உறுப்புரையின் காப்புவாசகம்: முதல் கூட்டத்துக்குக் குறிக்கப்பட்ட நாளிலிருந்து நான்கு ஆண்டுகளும் ஆறு மாதங்களும் கழியும்வரை, மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டாலன்றி, ஜனாதிபதி நாடாளுமன்றத்தைக் கலைத்தலாகாது. இரண்டாவது, பிரதமரைத் தம் கையொப்பமிட்ட எழுத்தால் நீக்க ஜனாதிபதிக்கு இருந்த பழைய அதிகாரம் உரையிலிருந்து அகற்றப்பட்டது. மூன்றாவது, பதவியிலிருக்கும் ஜனாதிபதியின் செயல்களுக்கு எதிராக, சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி, அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்யும் வழி திறக்கப்பட்டது. இந்த மூன்றாவது மாற்றம் இல்லாதிருந்தால் முதலாவது மாற்றம் தாளில் மட்டுமே இருந்திருக்கும்.

பின்னணியில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 2013 ஜனவரியில், அரசாங்கத்துக்குப் பிடிக்காத தீர்ப்பொன்றை வழங்கியிருந்த அப்போதைய பிரதம நீதியரசர் பதவி நீக்கப்பட்டார். அவரை விசாரித்த நாடாளுமன்றத் தெரிவுக்குழுவுக்கு அந்த அதிகாரமே இல்லையென்று உயர் நீதிமன்றம் கூறியது. தெரிவுக்குழுவின் முடிவை மேன்முறையீட்டு நீதிமன்றம் இரத்துச் செய்தது. நாடாளுமன்றம் இரண்டையும் பொருட்படுத்தாமல் 155க்கு 49 என்ற வாக்குகளால் பதவி நீக்கப் பிரேரணையை நிறைவேற்றியது. இரண்டு நாட்களில் அப்போதைய ஜனாதிபதி அதில் கையொப்பமிட்டார். தீர்ப்புகள் இருந்தன, அவற்றுக்குக் கீழ்ப்படிய எவரும் இருக்கவில்லை. 2018இல் புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் கூடிய சட்டத்தரணிகளில் பலர் ஏறக்குறைய ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே நடந்ததை நேரில் பார்த்தவர்கள்.

ஒக்டோபர் 26 முதல் நவம்பர் 9 வரை

2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் முன்னாள் ஜனாதிபதியின் புதிய கட்சி பெருவெற்றி பெற்றது. ஆளும் கூட்டணிக்குள் ஜனாதிபதியும் பிரதமரும் வெளிப்படையாக முரண்படத் தொடங்கினர். ஏப்ரல் 4 அன்று பிரதமருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை 122க்கு 76 என்ற வாக்குகளால் தோற்றது. ஆகவே, சபையின் நம்பிக்கை எவரிடம் உள்ளது என்பதற்கு ஆறு மாதத்துக்கு முந்திய, எண்ணிக்கையோடு கூடிய சான்று இருந்தது.

ஒக்டோபர் 26 மாலை ஜனாதிபதியின் கூட்டணி அரசாங்கத்திலிருந்து விலகியது. அன்றிரவே முன்னாள் ஜனாதிபதி புதிய பிரதமராகப் பதவிப் பிரமாணம் செய்துகொண்டார். இரு தரப்பும் சேர்ந்து அமைத்த தேசிய அரசாங்கம் முடிவுக்கு வந்ததால் அமைச்சரவையும் கலைந்தது, அதனால் பிரதமரும் பதவியிழந்தார் என்பது ஜனாதிபதி தரப்பின் விளக்கம். நீக்கப்பட்ட பிரதமர், பிரதமரின் உத்தியோகபூர்வ இல்லமான அலரி மாளிகையை விட்டு வெளியேற மறுத்தார். மறுநாள், நவம்பர் 16 வரை நாடாளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் கூடும் நாள் நவம்பர் 14 என மாற்றப்பட்டது.

இந்த ஒத்திவைப்புதான் முழு நிகழ்வின் அச்சாணி என்பது என் மதிப்பீடு. புதிய பிரதமருக்குப் பெரும்பான்மை இருந்திருந்தால் மறுநாளே சபையைக் கூட்டிக் காட்டியிருக்கலாம். 225 பேர் கொண்ட சபையில் நீக்கப்பட்ட பிரதமரின் அணி 106 ஆசனங்களையும் ஜனாதிபதியின் கூட்டணி 95 ஆசனங்களையும் வென்றிருந்தன; பெரும்பான்மைக்கு வேண்டிய 113 என்ற எண்ணை எட்ட ஆட்கள் தேவைப்பட்டனர். அந்த நாட்களில் கட்சி மாறியவர்களுக்கு அமைச்சுப் பதவிகள் கிடைத்தன. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் 16 உறுப்பினர்களுள் மட்டக்களப்பைச் சேர்ந்த ஒருவரும் அவ்வாறு மாறிப் பிரதியமைச்சரானார். இரண்டு வாரங்கள் முயன்றும் எண்ணிக்கை தேறாத நிலையில், நவம்பர் 9 இரவு கலைப்பு வர்த்தமானி வெளியானது. தேர்தல் 2019 ஜனவரி 5 அன்று என அறிவிக்கப்பட்டது.

முதல் முடிவு: இடைக்காலத் தடை

வார இறுதி கழிந்து நவம்பர் 12 திங்கட்கிழமை மனுக்கள் தாக்கலாகின. முதல் மனுதாரர் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர். அவர் அப்போது எதிர்க்கட்சித் தலைவராகவும் இருந்தார். பதவி நீக்கப்பட்ட பிரதமரின் கட்சியும் முஸ்லிம், மலையகத் தமிழ்க் கட்சிகளும் சிவில் அமைப்புகளும் தனித்தனியே வந்தன. தேர்தல்கள் ஆணைக்குழுவின் மூன்று உறுப்பினர்களுள் ஒருவரான யாழ்ப்பாணத்துப் பேராசிரியரும் தனி மனு தாக்கல் செய்தார். தேர்தலை நடத்த வேண்டியவரே அந்தத் தேர்தலுக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று நீதிமன்றத்தில் நின்றது அபூர்வமான காட்சி.

நவம்பர் 13 மாலை, பிரதம நீதியரசர் உள்ளிட்ட மூவர் அமர்வு கலைப்பு வர்த்தமானியை டிசம்பர் 7 வரை இடைநிறுத்தியது. அந்தப் பிரதம நீதியரசர் அதே ஜனாதிபதியால் ஒரு மாதத்துக்கு முன்னர் நியமிக்கப்பட்டவர். ஆனால் அந்த நியமனம் சபாநாயகரைத் தலைவராகக் கொண்ட அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதலோடு நடந்தது; அதுவும் 19ஆவது திருத்தம் மீட்டுத் தந்த ஏற்பாடு.

இந்த முடிவின் பெறுமதி அதன் வேகத்தில் இருந்தது. வேட்புமனுத் தாக்கல் நவம்பர் 19 அன்று தொடங்கவிருந்தது. அது தொடங்கியிருந்தால் கட்சிகள் வேட்பாளர்ப் பட்டியலுக்குள் இறங்கியிருக்கும், வாக்குச்சீட்டுகள் அச்சுக்குப் போயிருக்கும். நடந்துமுடிந்த தேர்தலைப் பின்னர் இரத்துச் செய்ய எந்த நீதிமன்றமும் எளிதில் துணியாது. மற்றொரு விளைவும் இருந்தது. கலைப்பு இடைநிறுத்தப்பட்டதால், சபை நவம்பர் 14 அன்று கூடும் என்ற முந்திய வர்த்தமானி மீண்டும் உயிர்பெற்றது. சபாநாயகர் மறுநாளே சபையைக் கூட்டினார்.

சபைக்குள் நடந்தவை

நவம்பர் 14 அன்று புதிய பிரதமருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. 122 உறுப்பினர்கள் அதில் கையொப்பமிட்டிருந்தனர். ஜனாதிபதி அதை ஏற்கவில்லை. அடுத்த நாள் சபையில் கைகலப்பு. நவம்பர் 16 அன்று புதிய பிரதமரின் ஆதரவாளர்கள் சபாநாயகரின் ஆசனத்தை ஆக்கிரமித்துக்கொள்ள, அவர் பொலிஸார் புடைசூழ உள்ளே வந்து வேறோர் இடத்திலிருந்து வாக்கெடுப்பை நடத்தினார். நாற்காலி வீசப்பட்டது, மிளகாய்த்தூள் கரைத்த தண்ணீர் பொலிஸார் மீதும் உறுப்பினர்கள் மீதும் ஊற்றப்பட்டது. பிரேரணை மீண்டும் நிறைவேறியது, ஜனாதிபதி மீண்டும் மறுத்தார்.

அதன்பின் பெரும்பான்மையினர் பணத்தில் கை வைத்தார்கள். நவம்பர் 29 அன்று பிரதமர் செயலகத்தின் செலவுக்கு அரச நிதியைப் பயன்படுத்தலாகாது என்ற பிரேரணை 123 வாக்குகளால் நிறைவேறியது. மறுநாள் அமைச்சர்களின் செலவுகளுக்கும் அவ்வாறே. 2013க்கும் 2018க்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. முன்னது நடந்தபோது சபையின் பெரும்பான்மை ஜனாதிபதியோடு இருந்தது. நீதிமன்றம் தனியே நின்று பேசியது, தோற்றது. பின்னதில் சபாநாயகரும் பெரும்பான்மை உறுப்பினர்களும் நீதிமன்ற உத்தரவை அன்றே கையிலெடுத்துச் செயற்படக் காத்திருந்தனர். நீதியரசர்களின் துணிவைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. 2013இன் நீதியரசர்களிடமும் துணிவு இருந்தது.

இரண்டாவது வழக்கு

மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் 122 உறுப்பினர்கள் ரீட் மனுவொன்றைத் தாக்கல் செய்தனர். எந்த உரிமையில் இப்பதவியை வகிக்கிறீர்கள் என்று பதவியிலிருப்பவரையே கேட்கும் குவோ வொரண்டோ வகை மனு அது. டிசம்பர் 3 அன்று, புதிய பிரதமரும் அவரது அமைச்சரவையும் அப்பதவிகளில் செயற்படுவதைத் தடுக்கும் இடைக்கால உத்தரவு பிறந்தது. உரிமையற்றவர்கள் அப்பதவிகளில் இருந்து செயற்பட்டால் விளையும் கேடு பின்னர் ஈடுசெய்ய இயலாததாகலாம் என்பதே காரணம்.

இதன் விலையையும் சொல்லியாக வேண்டும். டிசம்பர் 3 முதல் 16 வரை நாட்டில் செயற்படும் பிரதமரோ அமைச்சரவையோ இல்லை. 2019க்கான வரவுசெலவுத் திட்டம் நிறைவேறவில்லை. நவம்பர் 20 அன்று மூடிஸ் நிறுவனமும் டிசம்பர் முதல் வாரத்தில் ஃபிட்ச், எஸ் அண்ட் பி நிறுவனங்களும் நாட்டின் கடன் தரத்தைக் குறைத்தன. வரம்பு மீறலின் செலவை மீறியவர் தம் பையிலிருந்து கொடுக்கவில்லை.

ஏழு நீதியரசர்களின் தீர்ப்பு

டிசம்பர் 4 முதல் 7 வரை விவாதம் நடந்தது. அரச தரப்பின் வாதங்கள் மூன்று அடுக்குகளாக இருந்தன. கலைப்பு என்பது நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயல் அன்று, ஆகவே அடிப்படை உரிமை மனுவில் அதைக் கேட்க முடியாது என்பது முதல் அடுக்கு. ஜனாதிபதி அரசியலமைப்பை மீறினார் என்றால் அதற்கென 38(2)ஆம் உறுப்புரையில் பதவி நீக்க நடைமுறை உண்டு, அதுவே உரிய வழி என்பது இரண்டாவது. மூன்றாவது அடுக்கே வழக்கின் உயிர்: 33(2)(இ) உறுப்புரை நாடாளுமன்றத்தைக் கூட்டவும் ஒத்திவைக்கவும் கலைக்கவும் ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டென்று பொதுவாகக் கூறுகிறது, அது தனித்து நிற்கும் அதிகாரம், 70(1)இன் காலவரம்பு அதைக் கட்டுப்படுத்தாது.

நீதிமன்றம் மூன்றையும் நிராகரித்தது. பொதுவான அதிகாரத்தைக் குறிப்பிடும் உறுப்புரையையும் அதைப் பயன்படுத்தும் முறையை வகுக்கும் உறுப்புரையையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். பிரித்து வாசித்தால் நான்கரை ஆண்டு என்ற காப்புவாசகத்துக்கு எந்தப் பொருளும் எஞ்சாது. ஜனாதிபதியின் அதிகாரங்கள் யாவும் அரசியலமைப்பிலிருந்தே பிறக்கின்றன, அதற்கு அப்பால் அவருக்கெனத் தனி அதிகாரம் ஏதும் இல்லை. பதவி நீக்க நடைமுறை இருப்பது குடிமக்களின் அடிப்படை உரிமை மனுவை அடைத்துவிடாது. தேர்தல் நடத்துவது மக்களின் இறைமையை மதிப்பதுதானே என்ற வாதம் கேட்பதற்கு நயமானது; சட்டத்துக்குப் புறம்பான கலைப்பின் வழியே வரும் தேர்தல் மக்களின் வாக்குரிமையை முறையாகப் பயன்படுத்துவதாகாது என்று நீதிமன்றம் அதற்கும் விடை தந்தது. சட்டத்தின் முன் சமத்துவத்தையும் சட்டத்தின் பாதுகாப்பையும் உறுதிசெய்யும் 12(1)ஆம் உறுப்புரை மீறப்பட்டதாகத் தீர்க்கப்பட்டது. ஒரு நீதியரசர் தனியே எழுதினார். முடிவில் அவரும் உடன்பட்டார்.

வரம்பு ஓர் எண்ணாக எழுதப்பட்டிருந்தது இத்தீர்ப்புக்குப் பெரிதும் உதவியது. முதல் கூட்டம் 2015 செப்டம்பர் 1. அதிலிருந்து நான்கரை ஆண்டுகள் 2020 மார்ச் தொடக்கத்தில் முடியும். இதில் ஜனாதிபதியின் அபிப்பிராயத்துக்கு இடமே இல்லை. பிரதமர் நியமனத்தைப் பற்றிய 42(4)ஆம் உறுப்புரையோ, சபையின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று ஜனாதிபதி கருதும் உறுப்பினரை நியமிக்கச் சொல்கிறது. கருத்துக்கு இடம் விட்ட அந்த உறுப்புரையின் மீது எந்த நீதிமன்றமும் இறுதித் தீர்ப்பு எழுதவில்லை.

உடனடி விளைவு

டிசம்பர் 14 அன்று, மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தடையை நீக்குமாறு கேட்ட மனுவில் உயர் நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் தர மறுத்து, வழக்கை ஜனவரிக்குத் தவணையிட்டது. மறுநாள் புதிய பிரதமர் பதவி விலகினார். டிசம்பர் 16 அன்று, 225 பேரும் வந்து கேட்டாலும் இவரை நியமிக்க மாட்டேன் என்று கூறியிருந்த ஜனாதிபதி, அதே நபருக்குப் பிரதமராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார்.

இதில் மனுதாரரின் கதை தனியே சொல்லத்தக்கது. டிசம்பர் 18 அன்று, பதவி விலகிய பிரதமரை எதிர்க்கட்சித் தலைவராகச் சபாநாயகர் அறிவித்தார். வழக்கை முன்னெடுத்து வென்ற தமிழ்க் கட்சித் தலைவர், தீர்ப்பு வந்து ஒரு வாரம் கழியும் முன்னரே அந்தப் பதவியை இழந்தார். தோற்ற தரப்புக்கு ஆசனம் கிடைத்தது.

ஜனாதிபதிக்கு எந்தத் தண்டனையும் விதிக்கப்படவில்லை. பதவி நீக்கத்துக்கு வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு சபையில் எவரிடமும் இருக்கவில்லை. பதவிக்காலம் முடியும்வரை அவர் பதவியில் இருந்தார்.

பிந்திய ஆண்டுகள்

நெருக்கடி ஓய்ந்த பின்னரும் ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் இடையிலான முறிவு ஓயவில்லை. ஒக்டோபருக்குப் பின்னர் தாம் பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்கு அழைக்கப்படவில்லை என்று பிரதமர் பின்னர் சாட்சியமளித்தார். 2019 ஏப்ரல் 21 அன்று உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். முன்கூட்டியே கிடைத்த எச்சரிக்கைகள் மீது நடவடிக்கை எடுக்கத் தவறியதற்காக, 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் அந்த முன்னாள் ஜனாதிபதி தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென உத்தரவிட்டது. பதவி போன பின்னர், வேறொரு விடயத்தில், நீதிமன்றத்தின் கை அவரைத் தனி மனிதராக எட்டியது. எல்லா வழக்குகளும் அப்படி முடிவதில்லை. 2023 நவம்பரில், பொருளாதார வீழ்ச்சிக்கு வேறிரு முன்னாள் ஜனாதிபதிகள் உள்ளிட்டோர் பொறுப்பென்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தபோது, மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக 1,50,000 ரூபா மட்டுமே கிடைத்தது.

நான்கரை ஆண்டு வரம்பின் கதை வேறு. 2019 நவம்பரில் ஆட்சி மாறியது. முந்தைய ஆண்டு பதவி விலகியவரே மீண்டும் பிரதமரானார். சபையில் பெரும்பான்மை இல்லாத புதிய ஜனாதிபதிக்கு உடனே கலைக்க வேண்டிய தேவை இருந்தது. ஆயினும் அவர் 2020 மார்ச் 2 வரை, அதாவது வரம்பு முடியும்வரை, காத்திருந்தே கலைத்தார். தீர்ப்பு நிஜமாகவே கட்டுப்படுத்தியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அதன்பின் அவர் வரம்பையே மாற்றினார். 2020 ஒக்டோபரில் 156 வாக்குகளால் நிறைவேறிய 20ஆவது திருத்தத்தின் மசோதா, பழையபடி ஓராண்டு என்றே தொடங்கியது. உயர் நீதிமன்றத் தீர்மானத்துக்குப் பின்னர் அது இரண்டரை ஆண்டுகளாயிற்று. ஜனாதிபதிக்கு எதிரான அடிப்படை உரிமை மனுவின் வழியை அடைக்கும் முயற்சியும் அதே கட்டத்தில் கைவிடப்பட்டது. 2022இன் 21ஆவது திருத்தமும் இரண்டரை ஆண்டு என்ற காலத்தை நான்கரைக்குத் திருப்பவில்லை.

மாற வேண்டியவை

இந்நிகழ்வில் நீதிமன்றம் தீர்த்தது கலைப்பை மட்டுமே. பிரதமரை நீக்கியது சரியா என்ற கேள்வி, பதவி விலகலோடு பயனற்றுப்போயிற்று. இரண்டு வார ஒத்திவைப்பு சோதிக்கப்படவே இல்லை. அரசியலமைப்பு இரண்டு மாதங்கள்வரை ஒத்திவைக்க அனுமதிப்பதால் அதை எதிர்ப்பதற்குப் பிடியும் குறைவு. ஆனால் கட்சி மாற்றங்களுக்கும் பேரங்களுக்கும் இடம் தந்தது அந்த இரண்டு வாரங்களே. புதிய பிரதமர் ஒருவர் நியமிக்கப்பட்டால், சபை ஒத்திவைக்கப்பட்டிருந்தாலும் குறித்த சில நாட்களுக்குள் அது கூடி நம்பிக்கை வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்ற விதி 42(4)ஆம் உறுப்புரையோடு சேர்க்கப்பட வேண்டும். நியமனம் நடந்த நாளிலிருந்து வாக்கெடுப்பு முடியும்வரை புதிய ஒத்திவைப்போ கலைப்போ கூடாது என்பதும் அதிலேயே எழுதப்பட வேண்டும்.

செலவு பற்றிய கேள்வியும் உண்டு. செல்லாத வர்த்தமானியொன்றால் அரசுக்கும் மனுதாரர்களுக்கும் நேரும் செலவை, பதவிக்காலம் முடிந்தபின் கையொப்பமிட்டவரிடமிருந்து அறவிட வழி இருக்க வேண்டும். 2023 ஜனவரித் தீர்ப்பு அந்த வழி சாத்தியம் என்று காட்டியிருக்கிறது. ஆனால் அது பெரும் உயிரிழப்பு நேர்ந்த வழக்கு. வரம்பு மீறல் மட்டுமே நடந்து உயிர்கள் போகாத வழக்கில் அதே அளவுகோல் பொருந்துமா என்பதை இன்னொரு வழக்கு வந்தே தீர்க்க வேண்டியிருக்கும்.